மைனியின் மங்கல் படங்கள்

மைனியின் போனை வாங்கினால் நான் முதலில் செய்கிற காரியம், அதன் முதுகில் இருக்கும் கேமராக் கண்ணாடியை நகத்தால் சுரண்டுவது. அதன் மேல் எப்போதும் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அவித்த முட்டையின் ஓட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய தோல் இருக்குமே, அது மாதிரி. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் எல்லோருடைய போனிலும் பால் படும். ஆனால் மற்றவர்கள் கையைத் துடைத்துவிட்டுத்தான் போனை எடுப்பார்கள். மைனிக்கு அந்தப் பொறுமை கிடையாது. துடைத்து முடிப்பதற்குள் பறவை போய்விடும் என்பாள்.

அந்தப் பால்தோல் வழியாக அவள் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே வெள்ளைப் புகையாக இருக்கும். முதன்முதலில் அவள் ஒரு பறவைக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியபோது, பறவையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "கீரிப்பாறைப் பனிமூட்டம் என்ன அழகு!" என்று ஒருவர் எழுதினார். "இங்கே வரைக்கும் குளிர் அடிக்கிறது" என்று சென்னையில் இருந்து இன்னொருவர். மைனி அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த சோற்றுப் பாத்திரம் உருண்டுபோனது.

"ஏட்டி, பனியாம் பாரு! வெயிலு மண்டையப் பிளக்குது, இதுகளுக்கு குளிருதாம்."

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக அந்தக் கண்ணாடியை உரித்தேன். மறுநாள் படம் கொஞ்சம் தெளிவாகப் போனது. "இன்றைக்குப் பனி இல்லையா?" என்று குழுவில் ஏமாற்றமாகக் கேட்டார்கள். மைனி என் முதுகில் ஒன்று போட்டாள். "எனக்க பனிய உரிச்சு எறிஞ்சிட்டியே, சவமே!"

மைனி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள். இப்படி ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. வாயால் சொல்ல இன்னும் வரவில்லை. யாராவது கேட்டால் அம்மாவைப் பார்ப்பேன், அம்மா சொல்லும்.

அவள் மார்த்தாண்டத்துக்காரி. நாலு பக்கமும் பஸ் ஹாரன் அடிக்கிற சந்திப்புக்குப் பக்கத்தில், கடைக்கு மேலே மாடியில் வீடு. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், சத்தம் இல்லாததால் உறக்கம் வரவில்லை என்று சொன்ன ஒரே மனுஷி அவள்தான். அண்ணன் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். வீட்டில் சும்மா இருக்க முடியாது என்று மைனி என்னோடு தோட்டத்துக்கு வரத் தொடங்கினாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று கத்தி பிடித்தவள், அதனால் வேலையை நான்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி போகலாம், எங்கே நிறுத்த வேண்டும், பால் பிடிக்கிற சிரட்டையை எந்தச் சரிவில் வைத்தால் பால் வெளியே சிந்தாது, எல்லாம். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். நாக்கும் கையும் ஒரே வேகம் அவளுக்கு.

பால் வெட்டுகிற வேலையில் நடுவில் ஒரு சும்மா நேரம் உண்டு. விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிக்கொண்டு போவோம். வெட்டி முடித்ததும் உடனே பாலை எடுக்க முடியாது. அது சொட்டுச் சொட்டாக வடிந்து சிரட்டை நிறைய வேண்டும். அதுவரை ஒரு பாறையில் உட்கார்ந்து கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு, கதை பேசிக்கொண்டிருப்போம். மைனி வருவதற்கு முன்னால் நான் அந்த நேரத்தில் படுத்து உறங்குவேன். தலைக்கு மேலே இத்தனை பறவை இருக்கிறது என்று பிறந்ததில் இருந்து அங்கேயே கிடக்கிற எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் குருவிதான். பெரிசாக இருந்தால் பெரிய குருவி.

மைனிக்கு அது போதவில்லை. "குருவிண்ணா என்ன குருவி? அதுக்கொரு பேரு இல்லியா? மார்த்தாண்டத்தில பஸ்ஸு வந்தா, பஸ்ஸுண்ணா ஏறுவாவ? எங்க போற பஸ்ஸுண்ணு கேக்க மாட்டாவளா?"

அவள் முதலில் எடுத்த படம் இன்னும் போனில் இருக்கிறது. ஒரு கறுப்புப் பறவை பறக்கிறது. அதற்குப் பின்னால், வாலை விட்டுத் தள்ளி, இரண்டு கறுப்புப் புள்ளிகள். "ரெண்டு வண்டு அத விரட்டிட்டு போவுது பாரு. பாவம், கூட்டைக் கலைச்சிருக்கும்" என்றாள் மைனி. நானும் நம்பினேன். மறுநாளும் அதே பறவை, அதே இரண்டு வண்டு. அதற்கு மறுநாளும். "இந்த வண்டுக்கு வேற சோலியே இல்லியாட்டி?" என்று மைனிக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அது வண்டு இல்லை, வால். அந்தப் பறவையின் வாலில் இரண்டு தண்டு கம்பி போல நீளமாகப் போய், நுனியில் மட்டும் துடுப்பு மாதிரி இறகு இருக்கும். துடுப்புவால் கரிச்சான் என்று பேர். கம்பி படத்தில் விழாது, துடுப்பு மட்டும் விழும்.

அதைச் சொன்னவர் காலேஜ் சார். நாகர்கோவிலில் ஒரு காலேஜில் வேதியியல் நடத்துகிறவர். சனி ஞாயிறானால் கழுத்தில் பைனாகுலரோடு பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று அலைவார். ஒரு நாள் எஸ்டேட் பஸ் வர நேரமானதால் டீக்கடையில் நின்றோம், அவரும் நின்றார். மைனி நேராகப் போய் போனை நீட்டி, "சாரே, இந்த வண்டுக்கும் குருவிக்கும் என்ன வழக்கு?" என்று கேட்டாள். சார் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் அவளைத் தன் குழுவில் சேர்த்துவிட்டார்.

அந்தக் குழுவுக்கு ஒரு விசேஷம் உண்டு. நல்ல படம் போடக் கூடாது. பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் எடுக்கிற, கண்ணுக்குள் கண் தெரிகிற படமெல்லாம் வேறு குழுவுக்குப் போகும். இங்கே ஆடிய படம், இருட்டிய படம், பாதி வால் மட்டும் விழுந்த படம், பஸ் ஜன்னலில் இருந்து எடுத்த படம். எல்லோரும் சேர்ந்து அது என்ன பறவை என்று கண்டுபிடிப்பார்கள். மைனி சேர்ந்ததும் அந்தக் குழுவுக்கே ராணி ஆகிவிட்டாள். அவளை விட மோசமாகப் படம் எடுக்க அங்கே ஆள் இல்லை.

மங்கல் படத்தில் பறவையைக் கண்டுபிடிப்பது ஒரு தனி வித்தை. நிறத்தை நம்பக் கூடாது, நிழலில் பச்சையும் கறுப்பாகத்தான் விழும். உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறதா, படுத்த மாதிரியா, கிளைமேலா, தடியில் ஒட்டிக்கொண்டா? அப்புறம் அளவு. பக்கத்தில் ஒரு ரப்பர் இலை இருந்தால் போதும். இலை இவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும், அதை வைத்துப் பறவையை அளந்துவிடலாம். மைனி மரத்தில் நாங்கள் போட்ட வெட்டை வைத்தே அளப்பாள். "சார், வெட்டில பாதி நீளம் உண்டும்" என்று குரல் செய்தி அனுப்புவாள். சென்னைக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. சார் அதைச் சென்டிமீட்டரில் மாற்றி எழுதுவார்.

கோயிலில்கூட விடமாட்டாள். எங்கள் சபையில் கோபுரத்துக்கு உள்ளே கூகை ஒன்று குடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினோம். மைனி மட்டும் அண்ணாந்து போனைப் பிடித்திருக்கிறாள். ஜெபம் முடிகிற நேரம் பார்த்து போன் 'டிக்' என்று சத்தம் போட்டது. போதகர் வெளியே வந்து, "என்னம்மா, பரலோகம் தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது ஐயா, ஆனா ஆடிப்போச்சு" என்றாள்.

எடுத்த படத்தையெல்லாம் அண்ணனுக்கும் அனுப்புவாள். அங்கே ஒரு அறையில் நாலைந்து பேர். சாப்பாட்டு நேரத்தில் போனைச் சுற்றி உட்கார்ந்து என்ன பறவை என்று பந்தயம் வைப்பார்களாம். நீள வால் வைத்த ஒரு பறவைக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடந்தது. மைனி மலையாளப் பேரில் ஓலேஞாலி என்பாள், குழுவும் அண்ணனும் வால்காக்கை என்றார்கள். அண்ணன் அறையில் இருந்த மலையாளத்துக்காரர் மைனி பக்கம். "எனக்க கெட்டியவன தவிர மத்தவனெல்லாம் எனக்க கட்சி" என்று மைனி போனிலேயே சொன்னாள். அண்ணனுக்கு உண்மையில் பறவைமேல் ஒரு ஆசையும் கிடையாது. அவள் எதைப் பார்த்தாள் என்று தெரிந்தால் அவனுக்குப் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து ஆந்தைக் கூத்துதான். ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டை கட்டியிருப்போம். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும், மற்றப் பாதியில் இருக்காது. கண் இல்லாத பாதியைத்தான் மரத்தில் கட்ட வேண்டும். கண் சிரட்டையைக் கட்டினால் ஓட்டைக் கண் வழியாகப் பால் ஒழுகிப்போகும். மைனி வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு கண் சிரட்டையைக் கட்டிவிட்டாள். நான் பார்ப்பதற்குள், கசிந்த பாலே உறைந்து கண்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிட்டது. ஒழுகவில்லையே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம், மறந்தும்விட்டோம்.

ஒரு மழை நாளில் வெட்டு இல்லாமல் சிரட்டையெல்லாம் மரத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. மைனி பாதையில் நின்று தூரத்து மரம் ஒன்றைப் படம் எடுத்தாள். தடியோடு ஒட்டி ஒரு உருண்டைத் தலை, அதில் வெள்ளையாக இரண்டு கண், நடுவில் ஒரு மூக்கு. குழுவுக்கு அனுப்பியதும் பெரிய விவாதம். ஒருவர் புள்ளி ஆந்தை என்றார், ஒருவர் சிற்றாந்தை என்றார். சார், கூட்டை விட்டு இப்போதுதான் வெளியே வந்த குஞ்சாக இருக்கலாம், பக்கத்தில் போகாதீர்கள், தாய் பயந்துவிடும் என்று எழுதினார். மைனிக்கு ஆந்தைக் குஞ்சை நினைத்து ராத்திரி முழுக்கக் கவலை. மழையில் நனையுமே, தாய் வந்திருக்குமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் இருவரும் பூனை மாதிரி அடிமேல் அடி வைத்துப் போனோம். குஞ்சு அங்கேயே இருந்தது. அசையவில்லை. இன்னும் கிட்டே போனோம். எனக்குத்தான் முதலில் விளங்கியது.

"மைனி, இது நீங்க கெட்டின கண் சிரட்டை."

மைனி கிட்டே போய்ச் சிரட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "நான் பெத்த பிள்ளை எனக்கே தெரியாம போச்சே மக்கா" என்று சொல்லிக்கொண்டு நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து குழுவுக்குக் குரல் செய்தி போட நினைத்தாள், மூன்று தடவை தொடங்கியும் சிரிப்பில் முடிக்க முடியவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து குழுவில் அது ஒரு சொல்லாகவே ஆகிப்போனது. யாராவது ஆசைக்கு ஒரு பேர் சொன்னால், "இது பறவையா, சிரட்டையா?" என்று கேட்பார்கள். சாரே ஒரு தடவை, "மன்னிக்கவும், நான் சொன்னது சிரட்டை" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு மைனி கொஞ்சம் மாறினாள். அவசரப்பட்டுப் பேர் சொல்ல மாட்டாள். நான் எதையாவது பார்த்து மரங்கொத்தி என்று கத்தினால், "பேர மொதல்ல வச்சிட்டு பறவைய தேடாத. தெரியல்லண்ணா தெரியல்லண்ணு சொல்லு. அதொண்ணும் கொறச்சல் இல்ல" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. தீக்காக்கை. காக்கைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. காட்டோரத்து நிழலில் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவை. ஆண் பறவைக்குத் தலை கறுப்பு, வயிறு நல்ல சிவப்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் தோட்டத்தின் மேல் ஓரம் காட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது, அங்கே உண்டு என்று சார் சொல்லியிருந்தார். மேல்தட்டு மரங்களை வெட்டுகிற நாளிலெல்லாம் மைனி கண்ணை அங்கேயே வைத்திருப்பாள்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து வேலைக்குப் போனதும் மேல்தட்டுக்குத்தான். கைகால் வலிக்கிறது, மழையில் நனைந்தது ஒத்துக்கொள்ளவில்லை போல என்றாள். அன்றைக்கு மத்தியானமே காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். அங்கே எல்லோரும் ஓடியாடிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே புறா சத்தம் கேட்டதும், "மார்த்தாண்டத்துக் கூட்டுகாரி வந்திருக்கா" என்றாள். அது என்னோடு அவள் பேசியதில் நன்றாக விளங்கிய கடைசிப் பேச்சு. அண்ணன் வந்து சேர்ந்து, அடக்கம் முடிந்து, லீவு முடிந்து, திரும்பியும் போய்விட்டான். போனை அவன் எடுத்துப்போகவில்லை. என் கையில் தந்துவிட்டுப் போனான்.

இப்போது அவள் வெட்டின வரிசையையும் நான்தான் வெட்டுகிறேன். அவள் கத்தி போன இடத்தில் என் கத்தி போகிறது. அழுகை வந்தால் அழுதுகொண்டே வெட்டுவேன், மரம் ஒன்றும் கேட்காது. சோறு தின்கிற நேரத்தில் மட்டும் முடியாது. அந்தப் பாறையில் நான் இப்போது உட்காருவதில்லை.

ஒரு நாள் அண்ணன் கூப்பிட்டான். அவன் குரலே அவன் குரலாக இல்லை. "அவ கடைசியா எடுத்த படம் எதுட்டி? எனக்கு அனுப்பல்ல அத" என்றான். போனில் தேடினேன். கடைசி வேலைநாள் காலையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. வழக்கமான வெள்ளைப் புகை. இரண்டு பக்கமும் ரப்பர் தடி. நடுவில், தூரத்தில், நிமிர்ந்த மாதிரி ஒன்று. மேலே கறுப்பு, கீழே சிவப்பு, இடையில் வெள்ளையாக ஒரு கோடு.

அண்ணனுக்கு அனுப்பினேன். "இதென்ன பறவ?" என்று உடனே கேட்டான். தெரியவில்லை என்றேன். "கண்டுபிடிச்சு சொல்லுட்டி. அவ கடைசியா என்னத்த பாத்து சந்தோசப்பட்டாண்ணு எனக்கு தெரியணும். அது தெரிஞ்சாப் போதும், நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." அடுத்த நாளும் கேட்டான். அதற்கு அடுத்த நாளும்.

குழுவில் போட்டேன். மைனி இறந்த பிறகு அந்தக் குழுவுக்கு நான் அனுப்பின முதல் படம் அது. அப்புறம் ஒருவர் எழுதினார்: தீக்காக்கை. உடனே எல்லோரும், ஆமாம், தீக்காக்கை, ஆண் பறவை, சந்தேகமே இல்லை. அவள் பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று ஒரு அம்மா எழுதினார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களையில் போய் அழுதேன். சந்தோசமாகத்தான் இருந்தது. அண்ணனுக்குச் சொல்லலாம் என்று எடுத்தேன், சொல்லவில்லை. பேரை முதலில் வைத்துவிட்டுப் பறவையைத் தேடுகிறோமோ என்று ஒரு உறுத்தல்.

சாரைக் கூப்பிட்டேன். "சார், நிசமாவே தீக்காக்கையா?" என்று கேட்டேன். சார், "இருக்கலாம்மா. இது சிரட்டையா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். அவர் இரக்கத்தில் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு அது தீக்காக்கை இல்லையோ என்று பலமாகத் தோன்றியது.

மறுநாள் மேல்தட்டு வெட்டு. பால் வடிகிற நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு படத்தில் இருக்கிற இடத்தைத் தேடினேன். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. படத்தில் இடது பக்கத் தடியில் ஒரு முண்டு தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மரத்துக்கு மைனி மூக்கன் என்று பேர் வைத்திருந்தாள். மூக்கனுக்குக் கீழ்ச் சரிவில், அவள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றேன். போனைத் தூக்கிப் பிடித்து, படத்தில் உள்ள தடியும் நேரில் உள்ள தடியும் ஒன்றாக வருகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து நின்றேன். சிவப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம், அதில் எங்கள் வெட்டு. படத்திலும் அந்த வெட்டு லேசாகத் தெரிந்தது.

மேலே ஏறிப் போய் அந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெட்டு என் இடுப்பு உயரம். படத்தில் சிவப்பு தொடங்குவது அந்த வெட்டுக்குப் பக்கத்தில். முடிவது அதற்கு மேலே ஒரு முழம் தள்ளி. இந்த அளவில் ஒரு தீக்காக்கை இருந்தால் அது ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். எனக்குத் தனியாக நின்றே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கழுத்தில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். வெள்ளைத் தோர்த்து. துடைத்த கை அப்படியே நின்றது.

கறுப்பு என் தலைமுடி. வெள்ளைக் கோடு தோர்த்து. சிவப்பு சட்டை. வேலைக்குப் போகும்போது நாங்கள் பாவாடைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வோம், பால் தெறிக்காமல் இருக்க. என்னுடையது நீலம். படம் எடுத்த அன்றைக்கு அது மழையில் காயவில்லை. மைனி, அவள் எப்போதும் போடுகிற சிவப்புச் சட்டையைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டு, அவள் வேறு எதையோ போட்டுக்கொண்டாள். படத்தில் இருந்தது நான். வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போகிற என் முதுகு.

சாரிடம் சொன்னேன். "இத்தனை வருஷத்தில் ஒரு பெண்பிள்ளையை நான் தீக்காக்கை என்று சொன்னதில்லை" என்றார். அவருக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. ஆனால் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அவன் கேட்டது ஒரு பறவை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மத்தியானம் வீடியோவில் வந்தான். வந்ததும் அதே கேள்வி. நான் நேராகவே சொல்லிவிட்டேன்.

"எல்லாரும் தீக்காக்கைண்ணாவ, பறவயே இல்ல அண்ணா. அது நான்."

"நீயா? ஒனக்கு செவப்பு சட்ட ஏது?"

"ஒனக்க சட்டதான். கழிஞ்சதுக்கு முந்தின லீவுக்கு வந்தப்ப நீ கொண்டுபோவாம விட்டுட்டு போனியே. இறுக்கமா இருக்குண்ணு விட்டுட்டண்ணு மைனி சொன்னாவளே."

அண்ணன் போனுக்குள் கண்ணை உருட்டினான். "கோடு போட்டு, பையில பொத்தான் வச்ச சட்டையா?"

"ஆமா."

"அடி பாவி! அத நான் எனக்க கையால பெட்டியில மடக்கி வச்சேன்டி! இஞ்ச வந்து பாத்தா காணல்ல. அவகிட்ட கேட்டேன், எனக்கெப்பிடி தெரியும், அங்ஙன ஆராவது எடுத்திருப்பாவண்ணு சொன்னா. அதுக்காக இஞ்ச ஒருத்தன்கிட்ட இம்மட்டு நாளா நான் ஒரு வார்த்த மிண்டல்ல! அவன் எடுத்தாண்ணே நெனச்சேன்!"

அவனுக்குப் பின்னால் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. ஓலேஞாலி என்று மைனி கட்சியில் நின்ற அந்த மலையாளத்துக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன் திரும்பி, "சட்ட கிட்டிச்சு சேட்டா! எனக்க பெண்டாட்டிதான் கள்ளி!" என்றான். அவர் போனுக்கு முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்து, "கண்டோ பெங்களே, ஞான் எடுத்திட்டில்லா" என்று, தான் எடுக்கவில்லை என்பதை என்னிடம் முறையிட்டார். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த முறையீடு. அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அண்ணன் தோளில் கை போட்டபடியே நின்றார்.

அப்புறம் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தான்.

"கள்ளி. எனக்க சட்டைய எடுத்து வச்சிட்டு, தெனமும் போட்டுட்டு வேலைக்குப் போயிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல பாரு." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "முதுகு மட்டும் பாத்தா நான் ஏறிப்போற மாதிரி இருக்கு, இல்லியாட்டி?"

"ஆமா அண்ணா."

"தீக்காக்கைண்ணு எடுத்தாளா, நீண்ணு எடுத்தாளா, இல்ல நாண்ணு எடுத்தாளா?"

"தெரியல்ல அண்ணா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அவனும் தலையாட்டினான். பொய் சொல்லாமல் இருந்ததில் அவனுக்கு ஒரு சமாதானம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

சட்டையில் ரப்பர் கறை கறுத்துப்போய்க் கிடக்கிறது, எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. இருந்தாலும் துவைத்து, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற யாரிடமாவது கொடுத்து விடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், நீயே போட்டுட்டு போ" என்றான் அண்ணன். "செவப்பு இருந்தா எம்மாந் தூரத்தில இருந்து பாத்தாலும் அங்ஙன ஒரு ஆளு உண்டுண்ணு தெரியும்."